ஊசி 25-ல் நிற்கிறது, நெஞ்சு அசையவில்லை: டி-பீஸ் கருவியுடன் மூன்று வருடம்

பிரசவ அறையில் குழந்தையைக் கையில் வாங்குகிற பக்கம் நிற்பவள் நான். செவிலியராக 18 வருடம். பிறந்ததும் மூச்சு விடாத குழந்தைக்கு மாஸ்க் வழியாகக் காற்று கொடுக்க முதல் 15 வருடம் ஆம்பு பையைக் கையால் அமுக்கியே கழிந்தது, கடைசி 3 வருடமாக அதே வேலைக்கு டி-பீஸ். வேறு மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் தோழிகள் "எங்க யூனிட்டுக்கும் வருதாம், எப்படிடி இருக்கு அது?" என்று போன் செய்யும்போதெல்லாம் அரை மணி நேரம் போய்விடுகிறது. ஒரு தடவை எழுதிவைத்துவிட்டால் எனக்கும் நிம்மதி, அவர்களுக்கும் உபயோகம்.

கம்பெனி பெயர் சொல்லப்போவதில்லை. இரண்டு கம்பெனிகளின் கருவிகளைப் பயன்படுத்தியிருக்கிறேன், நல்லதும் கெட்டதும் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். நான் சொல்லப்போகிற குறைகள் இந்த வகைக் கருவிக்கே கூடப்பிறந்தவை. மதிப்பெண் என்று கேட்டால் 5-க்கு 4. அந்த ஒரு மதிப்பெண்ணை ஏன் பிடித்து வைத்தேன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

தெரியாதவர்களுக்காக முதலில் கருவி. ஒரு நீளக் குழாய், அதன் நுனியில் 'டி' எழுத்து போலப் பிரிகிற சின்ன பிளாஸ்டிக் துண்டு. ஒரு பக்கம் காற்று உள்ளே வருகிறது, இன்னொரு பக்கம் மாஸ்க், மூன்றாவது பக்கத்தில் துளை போட்ட ஒரு மூடி. அந்தத் துளையைப் பெருவிரலால் அடைத்தால் அழுத்தம் ஏறிக் காற்று குழந்தைக்குப் போகும், விரலை எடுத்தால் இறங்கும். புல்லாங்குழலில் துளையை மூடித் திறக்கிற மாதிரிதான். எதுவரை ஏறலாம் என்பதைப் பெட்டியில் இருக்கிற ஒரு திருகு முடிவு செய்யும், வழக்கமாக 20 முதல் 25 சென்டிமீட்டர் நீர் அழுத்தம். விரலை எடுத்த பிறகும் எதற்குக் கீழே இறங்கக்கூடாது என்பதை அந்த மூடியைத் திருகி வைக்க வேண்டும், அது 5. இந்த இரண்டாவதைத்தான் நாங்கள் பீப் என்கிறோம். பெட்டியின் முகப்பில் வட்டமாக ஒரு மீட்டர், அதில் ஒரு ஊசி. மோட்டார் கிடையாது, பேட்டரி கிடையாது. குழாயில் வருகிற காற்றுதான் எல்லாமே. இந்தக் கடைசி வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதனால் நான் பட்ட பாடு ஒன்று வருகிறது.

எத்தனை குழந்தைகளுக்கு இது தேவைப்படும்? நிறைமாதத்தில் பிறக்கிற 100 பேரில் சுமார் 85 பேர் அரை நிமிடத்துக்குள் தானாகவே மூச்சு விட்டுவிடுவார்கள். இன்னும் 10 பேருக்குத் துடைத்து முதுகைத் தேய்த்துவிட்டால் போதும். மாஸ்க் வைத்துக் காற்று கொடுக்க வேண்டியது 5 பேருக்கு. மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடுகிற வரை போகிறவர்கள் 2 பேர். நெஞ்சை அமுக்குவதும் அட்ரினலினும் ஆயிரத்தில் ஒன்றோ மூன்றோதான். ஆனால் அந்த 5 பேர் யார் என்று முன்கூட்டித் தெரியாது, தெரிந்த பிறகு நேரமும் இருக்காது. பிறந்த முதல் 60 விநாடிக்குள் காற்று போக ஆரம்பித்துவிட வேண்டும் என்பது எங்கள் கணக்கு. தான்சானியாவின் ஹேடோம் மருத்துவமனையில் நடந்து 2012-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், மாஸ்க் வைக்க ஒவ்வொரு 30 விநாடி தாமதமாகும்போதும் குழந்தை இறப்பதற்கோ நீண்ட நாள் சிகிச்சையில் கிடப்பதற்கோ உள்ள அபாயம் 16 சதவீதம் கூடியது. எந்தக் கருவி என்ற பட்டிமன்றத்துக்கு முன்னால் இந்த 16-ஐத்தான் புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது.

ஆம்பு பையைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. 1956-ல் டென்மார்க்கில் ஹென்னிங் ரூபென் என்கிற மயக்க மருந்து டாக்டரும் ஹோல்கர் ஹெஸ்ஸே என்கிற பொறியாளரும் சேர்ந்து கொண்டுவந்தது. அமுக்கினால் காற்று போகும், விட்டால் தானே விரிந்துகொள்ளும். ஆக்சிஜன் இல்லையா, அறைக் காற்றை இழுத்துக்கொள்ளும். கரண்ட் போய்விட்டதா, அதற்கென்ன. உலகத்தில் எந்த மூலையில் எந்த இருட்டில் குழந்தை பிறந்தாலும் வேலை செய்யும்.

அதன் பிரச்சினை என் கைதான். 3 கிலோ குழந்தை ஒரு மூச்சுக்கு இழுக்கிற காற்று சுமார் 15 மில்லி, அதாவது ஒரு டேபிள் ஸ்பூன். என் கையில் இருக்கிற பைக்குள் 240 மில்லி. ஒரு கிலோ குழந்தை என்றால் கணக்கு ஒரு டீஸ்பூனுக்கு இறங்கிவிடும். பதற்றத்தில் ஐந்து விரலாலும் அமுக்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், நானும் அமுக்கியிருக்கிறேன். 40-க்கு மேல் போகாமல் திறந்துகொள்கிற வால்வு பையில் உண்டு, ஆனால் குறைமாதக் குழந்தைக்கு 40 என்பதே எக்கச்சக்கம். டி-பீஸ் வந்த வாரம் ஒரு பயிற்சியில் என் பையோடு மீட்டரை மாட்டிப் பார்த்தோம். 15 வருட அனுபவம், என் கை தராசு என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். அடுத்தடுத்த பத்து அமுக்கலில் 18-லிருந்து 36 வரை ஊசி ஊஞ்சலாடியது. பக்கத்தில் நின்ற டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

டி-பீஸில் அந்த ஊஞ்சல் இல்லை. ஆயிரம் தடவை அடைத்தாலும் வைத்த அளவுக்குத்தான் ஏறும். ஆனால் அதைவிடப் பெரிய லாபம் பீப். பிறக்கும்வரை நுரையீரல் முழுக்கத் திரவம். முதல் சில மூச்சுகளில் அந்தத் திரவம் தள்ளப்பட்டு அந்த இடத்தில் காற்று தங்க வேண்டும். நிறைமாதக் குழந்தை வீறிட்டு அழுதே இதைச் சாதித்துவிடும். 28 வாரக் குழந்தைக்கு, அதாவது கர்ப்பத்தின் 28-வது வாரத்திலேயே பிறந்துவிட்டதற்கு, அந்தத் தெம்பும் இல்லை, நுரையீரல் ஒட்டிக்கொள்ளாமல் காக்கிற சர்ஃபேக்டன்டும் போதாது. ஈரத்தில் ஒட்டிக்கொண்ட பிளாஸ்டிக் கவரை நகத்தால் பிரிப்பீர்களே, ஒவ்வொரு மூச்சும் அதற்கு அப்படி. கொஞ்சம் காற்று எப்போதும் உள்ளே நின்றால் கவர் மறுபடி ஒட்டாது. அந்தக் கொஞ்சத்தை நிறுத்தி வைப்பதுதான் பீப். ஆம்பு பையிலும் பீப் வால்வு மாட்டலாம், மாட்டியிருக்கிறோம். ஆனால் பை அமுக்குகிற நேரத்தில்தான் காற்றைத் தள்ளும். இரண்டு அமுக்கலுக்கு நடுவே அழுத்தம் கசிந்து இறங்கிவிடும். டி-பீஸில் காற்று ஓடிக்கொண்டே இருப்பதால் அது நிற்கிறது. குழந்தை தானாக மூச்சு விட ஆரம்பித்துவிட்டால் விரலை எடுத்துவிட்டு மாஸ்க்கை மட்டும் பிடித்திருந்தால் போதும், லேசான அழுத்தம் விடாமல் நிற்கும், அதுவே சீப்பாப். பையில் இது முடியாத காரியம்.

சரி, இதெல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது, குழந்தைக்கு ஏதாவது மாறுகிறதா? இந்தக் கேள்விக்கான பதில் விற்பனைப் பிரதிநிதி சொல்கிற அளவுக்குப் பளபளப்பாக இல்லை. பெரிய சோதனை 2014-ல் வந்தது. 5 நாடுகள், 11 மருத்துவமனைகள், 26 வாரம் முதல் நிறைமாதம் வரை 1027 குழந்தைகள். இரண்டு நிமிடத்துக்குள் இதயத் துடிப்பு 100-ஐத் தொட்டவர்கள் டி-பீஸில் 94 சதவீதம், பையில் 90 சதவீதம். அந்த வித்தியாசத்தைத் தற்செயல் என்றும் சொல்லிவிடலாம் என்பதுதான் புள்ளியியல் தீர்ப்பு. ஆனால் பிரசவ அறையிலேயே டியூப் போட வேண்டிவந்தவர்கள் டி-பீஸில் 17 சதவீதம், பையில் 26. இது கவனிக்க வேண்டிய வித்தியாசம். கூடவே ஒன்று, எந்தக் கருவி கையில் இருக்கிறது என்று தெரிந்தவர்கள்தான் டியூப் போடலாமா என்றும் முடிவு செய்தார்கள். இப்படிப்பட்ட ஆய்வில் கண்ணைக் கட்டிவிட முடியாதே. அதற்கு முன்பு 2011-ல், 29 வாரத்துக்குக் குறைந்த 80 குழந்தைகளை வைத்துச் செய்ததில் ஐந்தாவது நிமிட ஆக்சிஜன் அளவில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, இல்கோர் என்கிற சர்வதேச உயிர்ப்பித்தல் குழு, வசதி இருக்கிற இடத்தில் டி-பீஸைப் பரிந்துரைக்கிறது. 'வசதி இருக்கிற இடத்தில்' என்ற வார்த்தையை அவர்கள் சும்மா போடவில்லை.

இப்போது அந்த ஒரு மதிப்பெண்.

கருவி வந்து ஐந்தாறு மாதம் இருக்கும். இரவு வேலை, 29 வாரக் குழந்தை. தலைமாட்டில் என் ஜூனியர். கெட்டிக்காரப் பெண், கை சுத்தம். மாஸ்க் வைத்து "மூச்சு, ரெண்டு, மூணு" என்று சன்னமாகச் சொல்லிக்கொண்டே விரலை அடைத்து எடுக்கிறாள். நான் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, கேட்கிற துடிப்பை மெத்தை விளிம்பில் விரலால் தட்டிக் காட்டுகிறேன். எல்லாருக்கும் கண்ணால் தெரியட்டும் என்று நாங்கள் செய்கிற வழக்கம் அது. 6 விநாடிக்கு ஏழு தட்டு, அப்படியென்றால் 70. அரை நிமிடம் கழித்தும் அதே ஏழு.

"நெஞ்சு ஏறலையேம்மா" என்றேன்.

"25 வருதுக்கா. ஊசியப் பாருங்க, கரெக்டா வருது."

பார்த்தேன். வந்தது. ஒவ்வொரு தடவையும் 25-ல் போய் அடிக்கிறது, 5-க்கு இறங்குகிறது, படம் வரைந்த மாதிரி. "ஊசிய விடு, நெஞ்சப் பாரு" என்று சொல்லிவிட்டுக் குனிந்தால், அவளுடைய மோதிர விரல் தாடை எலும்பில் இல்லை. அதற்கு உள்பக்கம், அந்த மெத்தென்ற சதையில் அழுந்தியிருந்தது. நாக்கைக் கீழிருந்து மேலே தள்ளி வாசலை அடைத்துவிட்டாள். போதாததற்குக் கழுத்தும் லேசாக மடங்கியிருந்தது. விரலை எலும்புக்கு நகர்த்தி, தோளுக்கு அடியில் மடித்த துணியைச் சரி செய்து, வாயைக் கொஞ்சம் திறந்து மறுபடி மாஸ்க்கை வைத்தாள். மூன்றாவது மூச்சில் நெஞ்சு ஏறியது. பெரிதாக இல்லை, தூங்குகிற குழந்தைக்கு ஏறுகிற அளவு. என் விரல் தட்டுவது எனக்கே கட்டுப்படாமல் வேகமெடுத்தது. பத்து, பன்னிரண்டு, பதினாலு.

அன்றைக்கு விடிந்ததும் டீ குடித்துக்கொண்டு அவளுக்கு விளக்கியதைத்தான் இங்கேயும் சொல்கிறேன். ஒவ்வொரு பிரசவத்துக்கு முன்னாலும் டி-பீஸை எப்படிச் சோதிக்கிறோம்? மாஸ்க் மாட்டுகிற முனையை உள்ளங்கையால் அடைத்துவிட்டு 25 வருகிறதா என்று பார்க்கிறோம். அதாவது காற்று ஓரிடத்துக்கும் போகாதபோதுதான் இந்த ஊசி மிக அழகாக 25-ல் நிற்கும். அடைபட்ட தொண்டையும் உள்ளங்கையும் அதற்கு ஒன்றுதான். ஊசி காட்டுவது குழாய்க்குள் இருக்கிற அழுத்தத்தை. குழந்தைக்குள் எத்தனை மில்லி போனது என்று அதற்குத் தெரியாது. ஆனால் வட்டமாக, வெள்ளையாக, நம்பர் போட்டு எதிரிலேயே இருப்பதால் கண் அங்கேதான் போய் நிற்கிறது. கசிவு இருந்தால் சில சமயம் பீப் இறங்கிக் காட்டிக் கொடுக்கும். அடைப்பைக் காட்டிக் கொடுக்காது.

பையில் இந்த ஏமாற்று இல்லையா என்று கேட்பீர்கள். பை இறுகினால் கைக்குத் தெரியும் என்று பழைய ஆட்கள் நாங்கள் பெருமையடிப்பது உண்டு. 2009-ல் இதையும் ஒருவர் சோதித்துவிட்டார். நுரையீரல் மாதிரி ஒன்றைச் செய்து, அதன் இறுக்கத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் மாற்றினால், அனுபவசாலிகளாலேயே கையால் சரியாகக் கண்டுகொள்ள முடியவில்லை. போகிற காற்றின் அளவைத் திரையில் காட்டியபோதுதான் சரிசெய்துகொண்டார்கள். ஆகவே என் கையும் பெரிதாகப் பேசக்கூடாது. நெஞ்சு ஏறுவதைக் கண்ணால் மட்டிடுவதும் அப்படியொன்றும் துல்லியமில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. மிச்சம் இருக்கிற ஒரே நேர்மையான சாட்சி இதயத் துடிப்பு. அது ஏறினால் காற்று போகிறது.

மாஸ்க்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கருவி வாங்குகிறவர்கள் பெட்டியைப் பத்து நாள் ஆராய்ந்துவிட்டு மாஸ்க்கைக் கூடவே கொடுப்பதை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பயிற்சிப் பொம்மையில் நடந்த சில ஆய்வுகளில், பழகியவர்களின் கையிலேயே பாதிக்கு மேல் காற்று மாஸ்க் ஓரத்தில் கசிந்திருக்கிறது. எங்களுக்கு முதலில் வந்த பெட்டியோடு இரண்டே அளவுகள். 35 மில்லிமீட்டர் அதில் இல்லை. 27 வாரக் குழந்தைக்கு 50 மில்லிமீட்டர் வைத்தால் மேல் விளிம்பு கண்ணில் உட்காரும், கீழ் விளிம்பு தாடையைத் தாண்டித் தொங்கும். அப்புறம் பெட்டி எவ்வளவு ஒழுங்காக 25 கொடுத்து என்ன? 35, 42, 50, 60 நான்கும் இருக்க வேண்டும், குழந்தையைக் கிடத்திச் சூடு கொடுக்கிற ஒவ்வொரு வார்மரிலும். இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மாஸ்க்கில் இன்னொரு விசித்திரம். 2019-ல் வந்த ஓர் ஆய்வில், தானாக மூச்சு விட்டுக்கொண்டிருந்த குறைமாதக் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் மாஸ்க் முகத்தில் பட்டவுடன் மூச்சை நிறுத்தியிருக்கிறார்கள். முகத்து நரம்பு வழியாக வருகிற அனிச்சை. நான் பல வருடம் இதைப் பார்த்துக்கொண்டே, குழந்தை களைத்துவிட்டது என்று நினைத்திருந்தேன். ஜப்பானின் ஸ்பிரிங்-8 என்கிற எக்ஸ்ரே ஆய்வு நிலையத்தில் முயல் குட்டிகளின் நெஞ்சை எக்ஸ்ரே படமாக ஓடவிட்டுப் பார்த்தவர்கள் இன்னொன்றும் கண்டார்கள்: குட்டி தானாக மூச்சு விடாத நேரத்தில் குரல்வளை மூடிக்கொள்கிறது. வெளியிலிருந்து எவ்வளவு தள்ளினாலும் கதவு சாத்தியிருக்கிறது. அது ஒரு மூச்சு எடுக்கும்போதுதான் திறக்கிறது. இதைப் படித்த பிறகு மாஸ்க்கை அழுத்தி வைக்காமல் இறக்கி வைக்கப் பழகினேன். கீழே இன்னொருவர் பாதத்தையும் முதுகையும் தேய்த்துக்கொண்டே இருக்கச் சொல்கிறேன். முன்பெல்லாம் மாஸ்க் வைத்தவுடன் தேய்ப்பதை விட்டுவிடுவோம்.

அடுத்தது பெருவிரல். பையை அமுக்கினால் கை வலிக்கும், அதனால் தானாக விட்டுவிடுவோம். துளையை அடைக்கிற விரலுக்கு வலியே இல்லை. பதற்றத்தில் இரண்டு விநாடி, மூன்று விநாடி அப்படியே வைத்துக்கொண்டிருப்பது டி-பீஸில் வெகு சுலபம். நீளமாக ஊதினால் நுரையீரல் நன்றாகத் திறக்குமே என்று ஒரு காலத்தில் வேண்டுமென்றேகூட இதைச் செய்து பார்த்தார்கள். 23 முதல் 26 வாரக் குழந்தைகளில் 15 விநாடி நீள ஊதலைச் சோதித்த 'செயில்' ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டு 2019-ல் வெளிவந்தது. 426 குழந்தைகள். முதல் 48 மணி நேரத்தில் இறந்தவர்கள் நீள ஊதல் பக்கம் 7.4 சதவீதம், வழக்கமான பக்கம் 1.4. அதற்குப் பிறகு எங்கள் அறையில் யார் டி-பீஸ் பிடித்தாலும் வாய்விட்டு எண்ண வேண்டும். நிமிடத்துக்கு 40 முதல் 60. வெட்கப்பட்டால் நான் பக்கத்தில் நின்று எண்ணுவேன்.

ஆக்சிஜன் விஷயம் இந்தக் கருவியில் வசதி. காற்றையும் ஆக்சிஜனையும் கலக்கிற பிளெண்டரின் திருகைத் திருப்பினால் 21 சதவீதத்திலிருந்து 100 வரை எது வேண்டுமோ அது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நீலமாக இருந்தால் 100-தான், கேள்வியே கிடையாது. 2010 வழிகாட்டுதலுக்குப் பிறகு நிறைமாதக் குழந்தைக்கு அறைக் காற்று, அதாவது 21 சதவீதம் என்று ஆனது. 32 வாரத்துக்கு முன் பிறந்தவர்கள் விஷயத்தில் 2024-க்குப் பிறகு பேச்சு மறுபடி மாறி, 30 சதவீதமோ அதற்கு மேலோ வைத்துத் தொடங்கும் பக்கம் சாய்ந்திருக்கிறது. எதில் தொடங்கினாலும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரைப் பார்த்து ஏற்றி இறக்க வேண்டும். பிறந்த ஐந்தாவது நிமிடத்தில் ரத்த ஆக்சிஜன் 80-லிருந்து 85 சதவீதம் வந்தால் போதும், பத்தாவது நிமிடத்தில் 85-லிருந்து 95. ஒரு நிமிடக் குழந்தைக்கு 95 வரவில்லையே என்று திருகைத் திருப்புகிற கையை நான் இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

முன்னால் சொன்ன பாடு இதுதான். டியூப் போடாமல், டி-பீஸில் சீப்பாப் வைத்தபடி ஒரு குழந்தையைப் பிரசவ அறையிலிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோகிறோம். சிலிண்டர் மீட்டரை நான்தான் பார்த்தேன், பாதி இருந்தது. லிஃப்ட்டுக்காக நின்றோம். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடுகிற கருவிக்கு நின்ற நேரமும் செலவுதான். அந்த 'உஸ்ஸ்' சத்தம் மெலிந்துகொண்டே போனது எனக்குக் கேட்டது, ஆனால் என்ன அர்த்தம் என்று மூளை சொல்ல இரண்டு விநாடி ஆயிற்று. ஊசி 5-லிருந்து 3, 3-லிருந்து பூஜ்யம். கையில் இருந்தது வெறும் பிளாஸ்டிக். வண்டியின் கீழ்த்தட்டில் பழைய ஆம்பு பை கிடந்ததால் பிழைத்தோம். மிச்ச தூரம் மூன்று விரலால் அமுக்கிக்கொண்டே நடந்தேன். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் அன்றைக்கு முழுக்கக் கை நடுங்கியது. இதில் கருவியின் குற்றம் ஒன்றுமில்லை, காற்று இல்லாமல் ஓடும் என்று அது யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனாலும் தீர்ந்துபோகும் முன் எச்சரிக்கிற ஒரு மணிகூட இதில் இல்லை என்பதை வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது மனத்தாங்கல் பீப் மூடி. நாங்கள் பயன்படுத்துகிற இரண்டிலுமே அது லேசாகத் திரும்புகிறது. சுருட்டி மாட்டும்போது, வார்மர் ஓரத்தில் உரசும்போது, விரலே பட்டுக்கூட. ஒரு காலை சோதிக்கையில் 5 இருக்க வேண்டிய இடத்தில் 12 இருந்தது. முந்தின இரவு 5 வைத்ததாக நோட்டில் எழுத்து இருக்கிறது. பீப் அதிகமானால் நுரையீரல் உப்பி நிற்கும், காற்று அதைக் கிழித்துக்கொண்டு நெஞ்சுக்கூட்டுக்குள் கசியலாம். 2008-ல் வந்த 'காயின்' ஆய்வில் 25 முதல் 28 வாரக் குழந்தைகளுக்கு 8 சென்டிமீட்டரில் சீப்பாப் வைத்தபோது அப்படிக் கசிந்தவர்கள் 9 சதவீதம், டியூப் போட்டவர்களில் 3. 12 என்றால் என்ன ஆகும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை. அதனால் பணி மாறும்போது ஒரு தடவை, பிரசவத்துக்கு ஐந்து நிமிடம் முன் ஒரு தடவை: காற்றோட்டம் 10, முனையை அடை, விரலை அடை, 25 பார், விரலை எடு, 5 பார். மொத்தம் பதினைந்து விநாடி வேலை. அழுத்தத்தை நடுவில் மாற்றுவதும் பையைவிட இதில் மெதுவாகத்தான் நடக்கும். ஒரு கை மாஸ்க்கில், ஒரு விரல் துளையில், திருகைத் திருப்ப மூன்றாவது கை வேண்டும். இரண்டு பேர் இல்லாத அறைக்கு இந்தக் கருவி சரிப்படாது.

சுத்தம் செய்வது சுலபம். குழாயும் மூடியும் ஒரு குழந்தைக்கு ஒன்று என்று எறிந்துவிட வேண்டியவை, பெட்டியைத் துடைத்தால் போதும். ஆகவே வாங்கும்போது பெட்டியின் விலையைப் பார்க்காதீர்கள், வருடத்துக்கு எத்தனை குழாய் என்று கணக்குப் போடுங்கள். குழாய் தீர்ந்துபோய், அடுத்த மூட்டை வரும்வரை பளபளவென்று சும்மா நிற்கிற பெட்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

பயிற்சி தருகிறோம் என்று கம்பெனிக்காரர்கள் ஒரு நாள் வருவார்கள். கேக் வெட்டாத குறையாக நடக்கும். ஒரு நாள் பயிற்சி கைக்கு இறங்காது என்பதற்கும் அதே ஹேடோம்தான் சாட்சி. பொம்மையில் ஒரு நாள் வகுப்பு எடுத்த பிறகு தேர்வில் எல்லாரும் நன்றாகச் செய்தார்கள், பிரசவ அறையில் ஒன்றும் மாறவில்லை. பிரசவ அறையிலேயே பொம்மையை வைத்து அடிக்கடி சில நிமிடம் பழக ஆரம்பித்த பிறகுதான் இறப்பு குறைந்தது. நாங்கள் வாரத்தில் இரண்டு நாள், பணி தொடங்கும் முன் பத்து நிமிடம் வைத்திருக்கிறோம். பொம்மையின் கழுத்தை யாராவது ஒருவர் வேண்டுமென்றே மடக்கி வைத்திருப்போம். ஊசி 25 காட்டும். எத்தனை மூச்சுக்குப் பிறகு கண்டுபிடிக்கிறாள் என்று எண்ணுவோம். அந்த ஜூனியர் இப்போது இரண்டாவது மூச்சிலேயே பிடித்துவிடுகிறாள். போன வாரம் எனக்கு நாலு ஆனது.

வாங்கலாமா? குழாய் வழிக் காற்றும் ஆக்சிஜனும் அறைக்கே வருகிறது, குறைமாதக் குழந்தைகள் அடிக்கடி பிறக்கிறார்கள், ஒவ்வொரு பிரசவத்துக்கும் குழந்தைப் பக்கம் இரண்டு பேர் நிற்கிறீர்கள் என்றால் வாங்குங்கள், யோசிக்க வேண்டாம். நிறைமாதப் பிரசவம் மட்டுமே, ஒரே ஆள், சிலிண்டர்தான் என்றால் அந்தப் பணத்துக்கு நல்ல பைகள், பீப் வால்வு, நான்கு அளவில் மாஸ்க், ஒரு பொம்மை வாங்கிக்கொள்ளுங்கள். 28 வாரத்துக்குக் குறைந்தவர்களுக்கு டி-பீஸைவிட மூச்சு விட எளிதாக இருக்கிற வேறொரு அமைப்பு பற்றியும் 2021-ல் 'கோர்சாட்' ஆய்வு வந்திருக்கிறது, டியூப் தேவை குறைந்தது என்கிறார்கள். நான் கையில் தொட்டதில்லை, அதனால் பேசவில்லை.

பழைய பைகளை என்ன செய்தீர்கள் என்று கடைசியாகப் போன் செய்த தோழி கேட்டாள். ஒன்றையும் தூக்கிப்போடவில்லை. ஒவ்வொரு வார்மரின் இடது கொக்கியிலும் ஒன்று, சரியான மாஸ்க் மாட்டியபடியே. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகிற வண்டியில் இரண்டு.